காதில் சீழ் வடிந்தால் சும்மா விடலாமா?

இந்த மாத உடல்நலப் பாடத்திற்குச் சிறு குழந்தைகளின் காதை எடுத்துக்கொண்டிருக்கிறோம். "காதுல என்ன இருக்கு பாடம் நடத்த?" என்று நினைக்காதீர்கள். குழுக் கூட்டங்களுக்கு வரும்போது நாங்கள் தொடர்ந்து கவனித்து வருகிற விஷயம் இது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உறுப்பினர்கள் உடனே சொல்லிவிடுகிறீர்கள். காய்ச்சல் என்றால் அன்றைக்குக் கூட்டத்துக்கே வருவதில்லை. ஆனால் காதில் சீழ் வடிகிற பிள்ளை அம்மா மடியிலேயே உட்கார்ந்திருக்கும், காதில் பஞ்சு வைத்திருக்கும், யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். நாங்களாகக் கேட்டால், "அது சும்மா மேடம், சளி புடிச்சா வரும், அதுவா நின்னுரும்" என்று பதில் வரும்.

நம் உசிலம்பட்டிப் பக்கம் காதுக்கு நாம் கொடுக்கிற மரியாதை எல்லோருக்கும் தெரியும். காதணி விழாவுக்குப் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வரிசையோடு வந்து, மொய் நோட்டு எழுதி, கடன் வாங்கியாவது சிறப்பாகச் செய்கிறோம். அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அத்தனை செலவு செய்து தோடு போட்ட அந்தக் காது நன்றாகக் கேட்கிறதா என்று எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்? அதைத்தான் கேட்கிறோம்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

காதின் துவாரத்துக்குள் கொஞ்ச தூரம் போனால் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. செவிப்பறை என்பார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், பறைத் தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கும். சத்தம் பட்டால் அது அதிரும். அதற்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்கு நடுக்காது என்று பெயர். அந்த அறையிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. நாம் மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறக்கிறதே, அது இந்தக் குழாய் செய்கிற வேலைதான்.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீளம், நன்றாகச் சரிந்து இறங்கும். பச்சைக் குழந்தைக்கு அதில் பாதி நீளம்தான் இருக்கும், அதுவும் கிட்டத்தட்ட படுக்கை வசத்தில் இருக்கும். அதனால் சளி பிடித்தால் மூக்கில் இருக்கும் கிருமி சுலபமாகக் காதுக்குப் போய்விடுகிறது. குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிறது. உள்ளே நீர் கட்டி, சீழாக மாறி, செவிப்பறையைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. பிள்ளை துடிப்பது அந்த வலியில்தான். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை இது அதிகம். வளர வளர குழாயும் நீளும், சரியும், தொந்தரவு குறையும். "வயசானா சரியாயிரும்" என்று பெரியவர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதுவரைக்கும் காது தாங்குமா என்பதுதான் பிரச்சினை.

இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். "குளிக்க ஊத்துறப்ப காதுல தண்ணி போயிருச்சு, அதான் சீழ்" என்று பலர் சொல்கிறீர்கள். செவிப்பறை நன்றாக இருந்தால் குளிக்கிற தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போகாது. நடுக்காதுக்கு நோய் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் வருகிறது. செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை விழுந்த பிள்ளைக்கு மட்டும் தண்ணீர் உள்ளே போய் மறுபடியும் சீழ் பிடிக்கும். காது குத்திய இடத்தில் புண்ணாகிச் சீழ் வருவது வேறு. அது வெளித்தோலில் வருவது, இந்தப் பாடத்தில் சேராது.

வலி நின்றால் சரியாகிவிட்டதா?

சளி பிடித்து இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வரும். பேசத் தெரிந்த பிள்ளை "காது வலிக்குது" என்று சொல்லிவிடும். பேசாத குழந்தை காதைப் பிடித்து இழுக்கும், தலையை ஆட்டும், பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு அழும், படுக்கப் போட்டால் இன்னும் அதிகமாகக் கத்தும். ராத்திரி முழுக்கத் தூங்காது. திடீரென்று அழுகை நின்று தூங்கிவிடும். காலையில் பார்த்தால் தலையணையில் மஞ்சளாக ஈரம். "அப்பாடா, சீழ் உடைஞ்சு வெளிய வந்துருச்சு, இனிமே ஒண்ணுமில்ல" என்று நிம்மதியாகி, பூ எடுக்கவோ களை எடுக்கவோ போய்விடுகிறோம்.

நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். சீழ் வெளியே வந்தது என்றால் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் குறைந்ததால் வலி நின்றது, நோய் நிற்கவில்லை. இந்தச் சமயத்தில் சரியாகக் கவனித்தால் அந்தக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் ஓட்டை நிரந்தரமாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு சளிக்கும் சீழ் வரும்.

காலண்டரில் ஒரு வட்டம்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 14 நாள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சீழ் வர ஆரம்பித்து 14 நாளுக்குள் இருந்தால் புதிய நோய். 14 நாளோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் நாள்பட்ட நோய். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. புதிய நோய்க்குப் பொதுவாக ஐந்து நாளைக்குக் கிருமிக்கொல்லி மருந்தும், வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமாலும் தருவார்கள். நாள்பட்டதாக இருந்தால் வாய்வழி மருந்தைவிடக் காதைத் துடைத்துக் காய வைப்பதும், அதற்கென்று உள்ள சொட்டு மருந்தை இரண்டு வாரம் போடுவதும்தான் முக்கியம். டாக்டர் "எத்தனை நாளா வருது?" என்று கேட்பது இதற்காகத்தான். "கொஞ்ச நாளா" என்று சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் சீழைப் பார்த்த அன்றே வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காக்களும் இதைச் செய்யலாம்.

ஐந்து நாள் மருந்து கொடுத்தால் ஐந்து நாளும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாட ஆரம்பித்ததும் நிறுத்தி, மீதியை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கிறோம். கிருமி முழுதாகச் சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். சீழ் இல்லாமல் லேசான வலி மட்டும் உள்ள, இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்குச் சில நேரம் டாக்டரே, "ரெண்டு நாள் பாரசிட்டமால் மட்டும் கொடுங்க, குறையலைன்னா வாங்க" என்று சொல்லி அனுப்புவார். "ஊசி போடல, நல்ல டாக்டர் இல்ல" என்று வேறு இடத்துக்குப் போக வேண்டாம். அவர் சொன்னது சரிதான். சொன்ன நாளில் திரும்பக் காட்டுவதுதான் நம் வேலை.

திரி போட்டுக் காய வைப்பது எப்படி?

இதற்குக் காசு செலவில்லை, ஆனால் பொறுமை வேண்டும். ஈரம் இருக்கும் வரைக்கும் கிருமி இருக்கும். சொட்டு மருந்து விட்டாலும் சீழில் கலந்து வழிந்துவிடும். அதனால் முதலில் காது காய வேண்டும்.

பழைய வெள்ளைப் பருத்தி வேட்டித் துணியைத் துவைத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் காய வையுங்கள். விளக்குத் திரி மாதிரி சின்னச் சின்னத் துண்டாக முறுக்கிக்கொள்ளுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிள்ளையை மடியில் சாய்த்து, காது மடலை மெதுவாகப் பின்னால் இழுத்துப் பிடித்து, திரியின் நுனியைத் துவாரத்தில் வையுங்கள். உள்ளே திணிக்கக் கூடாது, மறு நுனி வெளியே நம் விரலில் இருக்க வேண்டும். திரி நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதிய திரி வையுங்கள். காய்ந்த திரி காய்ந்தபடியே வரும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சில பிள்ளைக்கு நாலு திரி போதும், சிலருக்குப் பத்தும் ஆகும். ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று தடவை செய்ய வேண்டும். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் இதற்குப் பிறகு விடுங்கள். நனைந்த திரியை எரித்துவிடுங்கள், கையைத் திரும்பக் கழுவுங்கள்.

வேலைக்குப் போகும் தாய் மூன்று தடவை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். விடியற்காலை பூ எடுக்கப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் பாட்டிக்குக் கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது. ஒரு வாரம், சில பேருக்கு இரண்டு வாரமும் ஆகும். நான்காம் நாள் காய்ந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி விடுவதும், கடையில் விற்கிற பட்ஸ் போடுவதும் வேண்டாம். பிள்ளை ஒரு அசைப்பு அசைத்தால் செவிப்பறையில் குத்தும். நாள் முழுக்கப் பஞ்சை அடைத்து வைப்பதும் தப்பு. ஊறின பஞ்சு உள்ளேயே இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். குளிப்பாட்டும்போது மட்டும் பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துவிட்டு, குளித்ததும் எடுத்துவிடுங்கள். காது முழுதாகச் சரியாகும் வரை கிணறு, கண்மாய் நீச்சலுக்கு விடவே கூடாது.

பாட்டி வைத்தியம் பற்றி

நம் பெரியவர்கள் பிள்ளை வளர்த்த அனுபவத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பூண்டு காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு, வெந்நீர், ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்று எதையும் சீழ் வடிகிற காதில் ஊற்றக் கூடாது. கிழிந்த செவிப்பறை வழியாக அது நேராக நடுக்காதுக்குப் போகும். எண்ணெயைச் சூடாக ஊற்றி உள்ளே வெந்துபோவதும் நடக்கிறது. தாய்ப்பால் அமுதம்தான், வாய் வழியாகக் கொடுத்தால். குளிப்பாட்டி முடித்ததும் காதிலும் மூக்கிலும் வாயால் ஊதுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் இன்னும் நிறைய வீட்டில் நடக்கிறது. இரண்டையும் நிறுத்தச் சொல்லி மாமியாரிடம் மருமகள் சொன்னால் சண்டைதான் வரும். கூட்டத்தில் இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது மாமியார்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், நாங்கள் சொன்னதாக இருக்கட்டும்.

மெடிக்கல் கடையில் "காதுக்கு ஒரு மருந்து கொடுங்க" என்று வாங்கிப் போடுவது இதையெல்லாம் விட ஆபத்து. சில சொட்டு மருந்துகள் செவிப்பறை நன்றாக இருப்பவர்களுக்குத்தான். ஓட்டை உள்ள காதில் விட்டால் உள்காதின் கேட்கும் நரம்பையே கெடுத்துவிடும். அது திரும்ப வராது.

"மந்தம்" என்று பெயர் வாங்கிய பிள்ளை

நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகள், இரண்டாம் வகுப்புப் படித்தாள். மூன்று வயதிலிருந்து இரண்டு காதிலும் விட்டு விட்டுச் சீழ். பள்ளியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமாட்டாள், டிக்டேஷன் போட்டால் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பாள். "மந்தம்" என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையைக் கடைசி வரிசையில் வைத்தால் என்ன ஆகும்? வீட்டிலும் "சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்று அடி. பேச்சில் 'ச', 'ஷ' எல்லாம் தெளிவில்லாமல் இருந்தது. அம்மா கூச்சப்பட்டுக்கொண்டு எங்களிடம் காட்டியபோது அவர் கேட்டது காதைப் பற்றிக்கூட இல்லை. "படிப்பு ஏறலையே மேடம், டியூசன் வச்சா ஏறுமா?" என்றுதான் கேட்டார்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பார்த்தபோது இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை, கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. காது காய்வதற்கே பல வாரம் போனது. அதற்குப் பிறகு ஓட்டையை மூடும் ஆபரேஷன் அரசு மருத்துவமனையிலேயே செய்தார்கள். போய்வர ஆன பஸ் செலவுக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும் குழு உள்கடன் கொடுத்தது. இப்போது முன்வரிசையில் உட்காருகிறாள். ஆனால் மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை கேட்காமல் விட்டுப்போன வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஆபரேஷன் இல்லை, தினம் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

சீழே வராமலும் காது மந்தமாகலாம். நடுக்காதில் பசை மாதிரி நீர் தங்கிவிடும். வலியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது, கிட்டப் போய் உட்காருவது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது, "ஆங்? ஆங்?" என்று கேட்பது, இவைதான் அடையாளம். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக வடிந்துவிடும். அதற்கு மேலும் இருந்தால் காட்டியே ஆக வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதைப் பொத்திவிட்டு, "மிட்டாய் வேணுமா?" என்று கிசுகிசுப்பாகக் கேளுங்கள். அப்புறம் மறு காது. மிட்டாய்க்குத் திரும்பாத பிள்ளை உண்டா! திரும்பவில்லை என்றால் வேறொரு நாளும் செய்து பார்த்து, அப்போதும் அப்படியே என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கைக்குழந்தையாக இருந்தால் ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்ப வேண்டும், ஒரு வயதில் "அம்மா", "தாத்தா" என்று ஒன்றிரண்டு வார்த்தை வர வேண்டும், இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று ஆறுதல் பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

உடனே ஓட வேண்டிய நேரம்

காதுக்குப் பின்னால் எலும்பு உள்ள இடத்தில் வீங்கி, தொட்டால் வலித்து, காது முன்னால் தள்ளி நின்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சீழ் எலும்புக்குப் போயிருக்கிறது, அடுத்து மூளைக்குப் போகலாம். காது நோயோடு கடும் காய்ச்சல், விடாத வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, அரை மயக்கம், வாய் ஒரு பக்கம் கோணுவது, தலை சுற்றித் தள்ளாடுவது என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காதில் சீழ் வந்தாலே அன்றே ஆஸ்பத்திரிதான். இன்னொன்று, சீழ் கொஞ்சமாக வந்தாலும் அழுகின நாற்றம் அடித்தால் அலட்சியம் வேண்டாம். உள்ளே தோல் வளர்ந்து எலும்பை அரிக்கிற வகையாக இருக்கலாம். அது சொட்டு மருந்தில் தீராது, ஆபரேஷன் வேண்டும்.

வராமல் காப்பது

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்த குழந்தைகளுக்குக் காது நோய் குறைவாக வருகிறது. புட்டிப்பால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மடியில் தலையைத் தூக்கி வைத்துக் கொடுங்கள், படுக்க வைத்துப் புட்டியை வாயில் சொருகிவிட்டுப் போகாதீர்கள். விறகடுப்புப் புகையும், வீட்டுக்குள் பீடி சிகரெட் புகையும் மூக்கையும் குழாயையும் வீங்க வைக்கும். குளிப்பாட்டியதும் போடுகிற சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். பீடி விஷயத்தில் வீட்டுக்காரரை வாசலுக்கு அனுப்புவது உங்கள் சாமர்த்தியம்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். காது நோயை உண்டாக்கும் முக்கியமான கிருமிகளில் ஒன்றுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டு அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணை. தட்டம்மைக்குப் பிறகு காதில் சீழ் வருவது உண்டு, அதனால் ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் போடுகிற தட்டம்மை ரூபெல்லா ஊசியையும் விடக் கூடாது.

2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு வருடத்தில் இரண்டு தடவை அங்கன்வாடிக்கும், ஒரு தடவை அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். காதும் அதில் சேர்ந்ததுதான். குழு வருகிற தேதியை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்து, அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல் அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் போய், "எம் பிள்ளை காதையும் பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் விட்டுப்போவது சகஜம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

உறுப்பினர்கள் வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அதில் யாருக்காவது காதில் சீழ் வருகிறதா, எத்தனை நாளாக என்று ஊக்குநர் கேட்டு எழுதுங்கள். 14 நாளைத் தாண்டியவர்கள் பெயரைக் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுங்கள். ஒரு நாள் கூலி போகும் என்பதால்தான் பல தாய்மார்கள் போகாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடல்நலத்துக்கான உள்கடனை எவ்வளவு வட்டிக்குக் கொடுப்பது, வட்டியே இல்லாமல் கொடுக்க முடியுமா, கூடப் போக யார் வருவார்கள் என்று பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். திரி போடத் தெரிந்த ஒரு உறுப்பினர் பழைய வேட்டித் துணியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் செய்து காட்டட்டும். எங்கள் களப் பணியாளர் வரும்போது அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள். மதுரைக்குப் போக வேண்டிய பிள்ளைகள் இருந்தால் எல்லோரையும் ஒரே நாளில் சேர்த்துக் கூட்டிப் போக ஏற்பாடு செய்கிறோம்.